கராச்சர்மாவின் குடிநீர்: தென் அந்தமான் நகர நீர் வரலாறும் அதன் சொற்களும்

தமிழர் நீர் மேலாண்மை பற்றி எழுதப் புகுவோர் தமிழ்நாட்டு ஏரிகளிலிருந்தே தொடங்குவது வழக்கம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சுட்டும் ஏரி வாரியம், மதகு, கலிங்கு, ஊருணி, குடிமராமத்து முதலிய சொற்களும் அவற்றின் பொருளும் போதிய அளவு ஆராயப்பட்டுள்ளன. இச்சொற்களைக் கொண்டு தம் நீர் வரலாற்றை எழுதிவிட முடியாத தமிழர் வாழிடம் ஒன்று உண்டு. அதுவே தென் அந்தமான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை ஒட்டி அமைந்த கராச்சர்மா, இவ்வரலாற்றை நோக்குவதற்கு ஏற்றதோர் ஊராகும்.

இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை பொழிகிறது. இது சென்னை பெறும் மழையைப்போல் இருமடங்கு. ஆயினும் சனவரி முதல் ஏப்பிரல் வரை மக்கள் குடிநீருக்குத் தவிக்கின்றனர். நிலம் செங்குத்தானது, பாறைகள் நீரை மிகுதியாகத் தேக்கிவைப்பவை அல்ல, ஓடைகள் குறுகியவை, மழை நின்ற சில நாளிலேயே மெலிந்து கடலோடு கலந்துவிடுபவை. தமிழகத்து ஏரி, மெல்லச் சரியும் சமநிலத்தின் படைப்பு. ஓர் ஏரியின் மிகைநீர் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். அத்தகைய தொடரேரிக்கு அந்தமான் நிலம் இடந்தரவில்லை. எனவே இங்குள்ள நீர்த்தேக்கத்தை 'ஏரி' என மொழிபெயர்ப்பவர், அதனோடு வராத ஒரு நிலஅமைப்பையும் ஊராட்சி முறையையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிடுகிறார்.

இந்நகரம் நீரைக் கேட்டுத் தோன்றிய நகரமன்று. கப்பலுக்கு ஏற்ற துறைமுகம் என்பதே அதன் தோற்றத்திற்குக் காரணம். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் அமைத்த குடியிருப்பு, பின்னர் வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயின் காரணமாக 1796இல் கைவிடப்பட்டது. 1858 மார்ச்சு 10ஆம் நாள் ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கியபோதும் முதலிற் குடியேறியது சாத்தமே. அங்கு நீர் போதாமையால் தலைமையிடம் ராஸ் தீவுக்குப் பெயர்ந்தது. ஒரு பேரரசின் தண்டனைக் குடியேற்றம் கிணற்று நீருக்காக இடம்மாறியது என்பது, இத்தீவுகளின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடும் செய்தி. பின்னாளில் நகரத்தின் குடிநீருக்குத் தில்தாமன் குளம் ஒன்றே ஆதாரமாக இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் கிழக்கு வங்கத்து அகதிகளும் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் ஆகிய பகுதிகளிலிருந்து தொழிலாளரும் வந்து சேர, அக்குளம் போதாதாயிற்று. 1973இல் தனிகாரி அணை எழுந்தது.

'தனிகாரி' எனத் தமிழில் எழுதும்போது ஒரு பொருள் மறைகிறது. பெயரின் பின்பகுதி இந்தியில் கடற்கழியைக் குறிக்கும் சொல். அதன் மூச்சொலியும் நாமடி ஒலியும் தமிழெழுத்தில் நிற்பதில்லை. தமிழில் அதற்கு நேரான 'கழி', 'உப்பங்கழி' என்னும் பழஞ்சொற்கள் இருந்தும் அலுவலக மொழிபெயர்ப்புகளில் அவை இடம்பெறுவது அரிது.

அணைநீரை ஆக்கித் தருவது அந்தமான் பொதுப்பணித்துறை. நகரிற் பகிர்ந்தளிப்பது நகராட்சி. நீர்ப்பிடிப்புக் காடு வனத்துறையின் ஆளுகை. கராச்சர்மாவோ நெடுங்காலம் நகராட்சி எல்லைக்கு வெளியே, 2011 கணக்கெடுப்பிலும் தனி ஊராகவே இருந்தது. நீர் ஒன்று, அதனை ஆள்வோர் பலர். 1992இல் டப்ளின் மாநாடும், அதே ஆண்டு ரியோ மாநாட்டின் நிகழ்ச்சிநிரல் 21இன் பதினெட்டாம் இயலும் பரப்பிய கருத்தைத் தமிழில் 'ஒருங்கிணைந்த நீடித்த நீர் மேலாண்மை' என்கிறோம். இத்தொடரின் இரு பெயரெச்சங்களும் ஆராயத்தக்கவை. 'ஒருங்கிணைந்த' என்பது தன்வினை. தாமே சேர்ந்துவிட்டன என்பது பொருள். 'ஒருங்கிணைத்த' என்றால் இணைத்தவர் யார் என்னும் வினா எழும். 'நீடித்த' என்பது இறந்தகாலம். இனி நீடிக்க வேண்டியதை ஏற்கெனவே நீடித்துவிட்டதாகக் கூறிவிடுகிறது. 'நீடிக்கத்தக்க' என்பதும், வளர்ச்சி பற்றிய நூல்கள் ஆளும் 'வளங்குன்றா' என்பதும் இதனினும் பொருத்தமானவை. மூன்று துறைகள் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டுள்ள ஓரூரில், செய்வோரை மறைக்கும் வினைவடிவம் இலக்கணப் பிழை மட்டுமன்று.

பெரிய நிக்கோபாரில் ஷொம்பென் மக்கள், பிளந்த மூங்கில்களைச் சரிவில் கிடத்தி மழைநீரைக் குழிகளுக்கு இட்டுச் செல்வர். இக்குழிகளை நூல்கள் 'ஜாக்வெல்' எனக் குறிப்பிடுகின்றன. அது ஷொம்பென் சொல்லன்று. நீரேற்று நிலையக் கிணற்றுக்குப் பொறியாளர் வழங்கும் ஆங்கிலச் சொல். தமிழாக்குவோர் 'நீரேற்றுக் கிணறு' என எழுதினால், எந்திரமே இல்லாத இடத்தில் எந்திரம் வந்துவிடும். 'மூங்கில்வழிக் குழி' என்று நேரே கூறுவது நன்று.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கராச்சர்மாவை அடுத்த சிப்பிகாட்டின் நெல்வயல்களுள் கடல்நீர் புகுந்து அங்கேயே நின்றுவிட்டது. கழிக்கும் வயலுக்கும் இருந்த எல்லை அழிந்தபின், நன்னீர் எங்கு முடிகிறது என்பதே புதிய கேள்வியாயிற்று. கராச்சர்மாவில் 1978 முதல் இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், தாழ்நிலங்களுக்கு அகன்ற மேட்டுப்பாத்தியும் அதன் இருபுறமும் ஆழ்சாலும் அமைக்கும் முறையைப் பரிந்துரைத்தது. பெய்யும் மழை மேட்டுப்பாத்தியின் உப்பைக் கழுவி இறக்கும். சாலில் தேங்கும் நீர் மீனுக்கும் கோடைக் காய்கறிக்கும் ஆகும். இதனைத் தமிழில் விளக்க உழவரின் 'பாத்தி', 'சால்' என்னும் இரு சொற்களே போதுமானவையாக இருந்தன.