காபூல் நகருக்கான போர் (1992–1996)

ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூலைப் பிடிக்க முஜாகிதீன் குழுக்கள் தமக்குள் நடத்திய நான்காண்டுச் சண்டை. சோவியத் படைகள் இருந்தவரை போர் பெரும்பாலும் கிராமப்புறங்களில் நடந்ததால் தலைநகர் பெருமளவு தப்பியிருந்தது. அதை மீட்க வந்ததாகச் சொன்னவர்களே பின்னர் அதை இடிபாடாக்கினர்.

சோவியத் யூனியன் 1991 இறுதியில் கலைந்ததும் அது ஆதரித்துவந்த அதிபர் நஜிபுல்லாவின் அரசுக்கான உதவி வற்றியது. அரசுத் தரப்பில் நின்ற உஸ்பெக் தளபதி அப்துல் ரஷீத் தோஸ்தம் அணி மாறினார்; 1992 ஏப்ரலில் அரசு கவிழ்ந்தது. பெஷாவர் உடன்பாட்டின்படி சிப்கத்துல்லா முஜத்திதி இரண்டு மாதமும் அடுத்து புர்கானுத்தீன் ரப்பானியும் ஆட்சித் தலைவர்கள். பிரதமர் பதவி ஹிஸ்ப்-இ-இஸ்லாமிக்கு என்று ஒதுக்கப்பட்டும் அதன் தலைவர் குல்புதீன் ஹெக்மத்யார் உடன்பாட்டை ஏற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர் அகமத் ஷா மசூத் நகரைப் பிடித்திருக்க, ஹெக்மத்யார் தெற்கிலிருந்து ராக்கெட்டுகளை ஏவினார். அவ்வாண்டு ஆகஸ்ட் தாக்குதலில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நகரின் மேற்குப் பகுதி ஹசாராக்களின் ஹிஸ்ப்-இ-வஹ்தத் வசம் இருந்தது. அதற்கப்பால் பக்மானில் அப்துல் ரசூல் சய்யாஃபின் பஷ்தூன் அமைப்பான இத்திஹாத். இரு தரப்பும் எதிர் இனத்துப் பொதுமக்களைத் தெருவிலேயே பிடித்துச் சென்றன. 1993 பிப்ரவரியில் மசூத், சய்யாஃப் படைகள் ஹசாராக்கள் வாழ்ந்த அஃப்ஷாரில் புகுந்தன. கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை நடந்தன, பிடிக்கப்பட்ட பலர் திரும்பவேயில்லை. அவ்வாண்டு மே மாதம் தாருலமானில் இருந்த தேசிய அருங்காட்சியகத்தின் மீது ராக்கெட் விழுந்தது. அதன் சேகரிப்பில் பெரும்பகுதி சூறையாடப்பட்டது.

யார் யாருடன் சேர்ந்தார்கள் என்பதைக் கொள்கையால் விளக்க முடியாது; எந்தக் குன்று, எந்தச் சாலை யார் கையில் என்பதைக் கொண்டே விளங்கும். 1993 மார்ச்சில் இஸ்லாமாபாத் உடன்பாடு ஹெக்மத்யாரைப் பிரதமராக்கியது. ஆனாலும் பிரதமர் தம் தலைநகருக்கு வெளியே சார் ஆசியாப் முகாமிலேயே தங்கினார். 1994 ஜனவரி 1 அன்று, அதுவரை மசூதின் கூட்டாளியாயிருந்த தோஸ்தம் ஹெக்மத்யாருடன் சேர்ந்து நகரைத் தாக்கினார். பழைய கடைவீதியான ஜாதே மைவந்த் தரைமட்டமானது.

1995 பிப்ரவரியில் தாலிபான் என்ற புதிய இயக்கம் சார் ஆசியாபைப் பிடித்தது. வஹ்தத் தலைவர் அப்துல் அலி மசாரி அடுத்த மாதம் தாலிபான் பிடியில் கொல்லப்பட்டார். 1996-இல் ஹெக்மத்யார் ரப்பானியுடன் சமரசமாகி மீண்டும் பிரதமரானபோது காலம் கடந்திருந்தது. செப்டம்பர் 27 அன்று தாலிபான் காபூலைக் கைப்பற்றி, ஐ.நா. வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நஜிபுல்லாவைக் கொன்றது. மசூத் வடக்கே பின்வாங்கினார்.

2007-இல் ஆப்கன் நாடாளுமன்றம் போரில் ஈடுபட்ட தரப்பினருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. சய்யாஃபும் ரப்பானியும் அப்போது அதன் உறுப்பினர்கள்.