சிற்றுருவம் பேருருவமான வரலாறு
ஒரு கிறித்துமஸ் பாடலும் அதன் படநூற் பதிப்புகளும்

குழந்தைகட்கெனப் பாடப்பெறும் பாடல் இருமுறை பிறக்கின்றது எனலாம். கவிஞர் சொல்லால் யாக்கும்போது ஒருமுறை. ஓவியர் கோட்டாலும் வண்ணத்தாலும் அதனைப் பக்கந்தோறும் விரிக்கும்போது மறுமுறை. முதற்பிறப்பு ஒன்றே. இரண்டாம் பிறப்பிற்கோ எல்லையில்லை. தலைமுறைதோறும் அது நிகழ்ந்துகொண்டே இருக்கும். இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, அமெரிக்காவில் 1823ஆம் ஆண்டு வெளிவந்த 'புனித நிக்கலசின் வருகை' என்னும் 56 அடிகள் கொண்ட ஆங்கிலப் பாடலாகும். 'கிறித்துமசுக்கு முந்தைய இரவு' என்னும் பெயரே இன்று பெருவழக்காக உள்ளது. இப்பாடலில் வரும் முதியவர் மிகச் சிறிய உருவினர். ஆயின், அப்பாடலை ஏந்திவரும் படநூல்கள் பலவற்றில் அவர் பருத்து உயர்ந்த பேருருவினர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் பாடல் பெற்றது யாது, இழந்தது யாது என்பன இங்கு நோக்கப்படுகின்றன.

பாடலுக்கு முந்தைய படங்கள்

நியூயார்க் நகர் டச்சுக்காரர்களின் குடியேற்றமாகத் தோன்றியது. அவர்கள் போற்றிய புனித நிக்கலஸ் அந்நகரின் பழமைக்கு ஓர் அடையாளமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டார். நியூயார்க் வரலாற்றுக் கழகத்தைச் சார்ந்த ஜான் பின்டார்டு, 1810 டிசம்பர் 6ஆம் நாள் கொண்டாடப்பெற்ற புனிதர் திருநாளுக்கென ஒரு தாளை அச்சிட்டார். அதற்குப் படம் செதுக்கியவர் அலெக்சாண்டர் ஆண்டர்சன். அப்படத்தில் புனிதர் திருச்சபை ஆயருக்குரிய ஆடையுடன் நிமிர்ந்து நிற்கின்றார். நல்ல குழந்தை பரிசு பெற்று மகிழ்கின்றது. குறும்புசெய்த குழந்தை பிரம்படிக்கு ஆளாகி அழுகின்றது.

1821ஆம் ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் கில்லி வெளியிட்ட 'குழந்தைகளின் நண்பன்' என்னும் சிறுநூல் கல்லச்சுப் படங்களுடன் வந்தது. துருவ மான் பூட்டிய பனிச்சறுக்கு வண்டி அதில் இடம்பெறுகின்றது, மான் ஒன்றே. அந்நூலும் தீய பிள்ளைகளுக்கெனப் பிரம்பை ஒதுக்கிவைத்தே முடிகின்றது. இவற்றிற்கிடையே, எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் தம் நியூயார்க் நகைச்சுவை வரலாற்றின் 1812ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில், மரங்களின் உச்சிக்கு மேலாக வண்டியில் பறந்துவந்து சுங்கான் புகைக்கும் நிக்கலசைக் காட்டியிருந்தார்.

ஆக, பறக்கும் வண்டி, மான், சுங்கான், காலுறையில் இடும் பரிசு ஆகிய அனைத்தும் பாடலுக்கு முன்னரே இருந்தன. இல்லாதிருந்தது ஒன்றே: அச்சமின்மை.

பாடலின் புதுமை

நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரிலிருந்து வந்த 'டிராய் சென்டினல்' இதழில், 1823 டிசம்பர் 23ஆம் நாள் ஆசிரியர் பெயரின்றி இப்பாடல் வெளியாயிற்று. 1837இல் ஒரு தொகைநூல் இதனைக் கிளெமெண்ட் கிளார்க் மூருக்கு உரியதாகக் காட்டியது. 1844இல் மூர் தாமே தம் கவிதைத் தொகுதியில் இதனைச் சேர்த்துக்கொண்டார். அவர் நியூயார்க்கில் இறையியற் கல்லூரிப் பேராசிரியர். எபிரேய அகராதி ஒன்றைத் தொகுத்த அறிஞர். டச்சு மரபினரான ஹென்றி லிவிங்ஸ்டன் என்பாரே பாடலை யாத்தவர் என்பது அவர் வழித்தோன்றல்களின் கூற்று. 2000ஆம் ஆண்டில் டான் பாஸ்டரும் 2016இல் மக்டொனால்டு ஜாக்சனும் மொழிநடையை ஆராய்ந்து இக்கூற்றை ஆதரித்தனர். மூரே ஆசிரியர் என வாதிடும் அறிஞரும் உளர். வழக்கு முடிந்தபாடில்லை.

யாத்தவர் எவராயினும் அவர் செய்த புதுமை ஐயத்திற்கு இடமற்றது. ஆயரின் திருவாடையைக் களைந்து, தலைமுதல் கால்வரை உரோமத்தோலாடை உடுத்தி, அதன்மேல் சாம்பலும் புகைக்கரியும் படியவிட்டார். மூட்டை சுமந்து தெருவில் விற்கும் சிறுவணிகனுக்குப் புனிதரை உவமை ஆக்கினார். ஒரு மானை எட்டாக்கி ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டார். இரு மெல்லசைகளை அடுத்து ஓர் அழுத்த அசை வரும் யாப்பினைத் தேர்ந்து, மான்களின் ஓட்டத்தை ஓசையிலேயே கேட்கச் செய்தார். எல்லாவற்றினும் மேலாக, புனிதரைச் சிறியவராக்கினார். வண்டி சிறிது, மான்கள் சிறியன, ஓட்டிவருபவரும் சிறியவர், நாட்டுப்புறக் கதைகளில் வரும் குள்ள மாயாவியை ஒத்தவர்.

இச்சிறுமை பாடலின் உயிர்நாடி ஆகும். கூரைமேல் எட்டு மான்கள் இறங்குவதும், குறுகிய புகைபோக்கி வழியே ஒருவர் கணப்படுப்பிற்குள் குதிப்பதும் உருவம் சிறிதாயின் இயல்பாகத் தோன்றும். அதனினும் இன்றியமையாதது மெய்ப்பாடு பற்றியது. நள்ளிரவில் அறிமுகமற்ற ஒருவர் வீட்டினுள் நுழைவது அச்சத்திற்குரிய நிகழ்ச்சி. பாடலைக் கூறும் தந்தைக்கும் முதலில் அவ்வுணர்வே எழுகின்றது. ஆயின் வந்தவரின் சிற்றுருவும் சிரிப்பும் ஒரு கண்சிமிட்டலும் அச்சத்தை நகையாக மாற்றிவிடுகின்றன. பின்டார்டின் தாளிலிருந்த பிரம்பு இங்கு இல்லை. நற்குழந்தை, தீக்குழந்தை என்னும் பகுப்பும் இல்லை. எல்லாக் காலுறைகளும் நிரப்பப்படுகின்றன.

ஓவியர் கைப்பட்ட பின்னர்

தொடக்கத்தில் ஓவியர்கள் சொல்வழியே நின்றனர். 1830ஆம் ஆண்டளவில் டிராய் நகரிலேயே மைரன் கிங் செதுக்கிய படத்துடன் பாடல் ஒரு தனித்தாளாக அச்சாயிற்று. படங்கள் நிறைந்த முதல் தனிநூல் 1848இல் நியூயார்க்கில் வந்தது; படம் வரைந்து மரத்தில் செதுக்கியவர் தியோடர் பாய்டு. அவர் காட்டும் புனிதர் டச்சுச் சாயல் கொண்ட சிறிய மனிதர். பாடலின் அளவை மீறாதவர். 1862இல் பெலிக்ஸ் டார்லியின் படங்களுடன் மற்றொரு பதிப்பு தோன்றியது. இர்விங்கின் கதைகளுக்குப் படம் வரைந்து புகழ்பெற்றவர் டார்லி என்பதும் இங்குக் கருதத்தக்கது.

திருப்பத்தை உண்டாக்கியவர் தாமஸ் நாஸ்ட். செருமானிய மண்ணில் 1840இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவர், 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழின் அரசியற் சித்திரக்காரர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1863 சனவரி 3ஆம் நாளிட்ட இதழில், வடபுலப் படைமுகாமில் வீரர்க்குப் பரிசு வழங்கும் கிறித்துமஸ் தாத்தாவை இவர் வரைந்தார். தாத்தாவின் ஆடையில் விண்மீன்களும் கோடுகளும் இருந்தன; அதாவது, நாட்டின் கொடியே அவருக்கு உடையாயிற்று. பாடலின் புனிதருக்குக் கட்சி இல்லை. நாஸ்டின் தாத்தாவுக்கோ பக்கம் இருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் வரைந்துவந்த நாஸ்ட், 1881 சனவரி 1ஆம் நாளிட்ட இதழில் பக்கத்தை நிறைக்கும் பருத்த வயிற்றுடன், கை நிறைய விளையாட்டுப் பொருள்களும் நீண்ட சுங்கானும் கொண்ட தாத்தாவைத் தீட்டினார். பின்வந்தோர் கண்ணில் நிலைத்தது அவ்வுருவமே.

வண்ண அச்சு பெருகியதும் இன்னொரு தேவை எழுந்தது. பாடல் ஆடையின் நிறத்தைக் கூறவில்லை. சொல் கூறாது விடலாம், வண்ணப்படம் விடமுடியாது. மலிவு விலை வண்ணநூல்களை அச்சிட்ட மக்லாக்லின் சகோதரர்கள் முதலிய பதிப்பகத்தாரின் வெளியீடுகள் வழியே சிவப்பு நிறம் மெல்ல மேலோங்கியது. கோக்க கோலா நிறுவனத்திற்காக ஹேடன் சன்ட்புளோம் 1931 முதல் வரைந்த விளம்பரங்களே சிவப்பாடையைத் தோற்றுவித்தன என்று கூறுவோர் உளர். சிவப்பு அதற்குப் பல ஆண்டுகள் முற்பட்டது. அவ்விளம்பரங்கள் செய்தது, பெரியதும் சிவந்ததுமான உருவத்தை உலகெங்கும் பரப்பியமையே.

இருபதாம் நூற்றாண்டில் பதிப்புகள் பெருகின. 'ஆஸ்' மந்திரவாதிக் கதைக்குப் படம் வரைந்த டென்ஸ்லோ 1902இலும், ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித் 1912இலும், இங்கிலாந்தின் ஆர்தர் ராக்கம் 1931இலும் இப்பாடலுக்குப் படம் தந்தனர். குறைந்த விலையில் எளிய இல்லங்களையும் எட்டிய 'லிட்டில் கோல்டன்' வரிசையில் 1949இல் கோரின் மால்வர்னின் பதிப்பு வந்தது. முதுமையில் தூரிகை ஏந்திய கிராண்ட்மா மோசஸ் நூறு வயதளவில் தீட்டிய படங்கள், அவர் மறைவிற்குப்பின் 1962இல் நூலாயின.

உறங்கும் குழந்தையும் காணும் குழந்தையும்

இத்துணைப் பதிப்புகளுக்கு இப்பாடல் இடங்கொடுப்பது ஏன்? விடை பாடலின் அமைப்பிலேயே உள்ளது. நிகழ்ச்சி முழுவதையும் காண்பவர் தந்தை ஒருவரே. குழந்தைகள் தொடக்கத்திலேயே உறங்கிவிடுகின்றனர்; ஒருகாலும் விழிப்பதில்லை. பாடலினுள் இருக்கும் குழந்தை காணாததைப் பாடலைக் கேட்கும் குழந்தை காண விரும்புகின்றது. படநூல் அவ்விருப்பத்தை நிறைவேற்றுகின்றது. தந்தையின் கண்ணைக் குழந்தைக்கு இரவல் தருவதே ஓவியரின் தலையாய பணி எனலாம்.

மேலும், வீடு எத்தகையது, எவ்வூரினது என்பதைப் பாடல் விரித்துரைக்கவில்லை. அவ்விடைவெளியில் ஒவ்வோர் ஓவியரும் தமக்குரிய வீட்டைக் கட்டிக்கொண்டனர். டோமி டி பாவ்லாவின் 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நியூ ஹாம்ப்சயர் சிற்றூரின் பழைய இல்லம். ஜான் பிரெட் என்னும் பெண் ஓவியர் 1998இல், பாடலில் இல்லாத இரு குட்டி மாயாவிகளை வண்டியில் ஒளித்துவைத்துத் துணைக்கதையொன்றைப் படத்தால் மட்டும் கூறினார். ரேச்சல் இசடோரா 2009இல் நிகழ்ச்சியை ஆப்பிரிக்க மண்ணுக்குக் கொண்டுசென்றார். லாரன் லாங்கின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரே இரவில் பலவகைக் குடும்பங்களின் வீடுகளைக் காட்டியது. இவற்றில் ஒன்றேனும் பாடலின் சொல்லை மறுக்கவில்லை. சொல் விட்ட இடத்தையே நிரப்பின.

சொல்லில் கைவைத்தல்

சொல்லும் மாற்றத்திற்குத் தப்பவில்லை. இறுதி இரு மான்களின் டச்சுப் பெயர்கள் நாளடைவில் செருமானிய வடிவிற்கு நெருங்கின. இறுதி அடியின் வாழ்த்துச் சொல்லும் பல பதிப்புகளில் வேறு சொல்லாயிற்று. 2012இல் கனடாவின் வான்கூவரிலிருந்து வந்த ஒரு பதிப்பு, குழந்தைகள் நலங்கருதிச் சுங்கானையும் அதன் புகையையும் பற்றிய அடிகளையே நீக்கியது. புகையிலையின் தீமை உண்மையே; நோக்கமும் நல்லதே. எனினும், பழம்பாடலைத் திருத்துவதா, பாடலை உள்ளவாறே தந்து உடனிருக்கும் பெரியவர் விளக்குவதா என்னும் வினா அங்கு எழுந்தது. இதற்கு மாறாக, 2002இல் மேட் டவாரெஸ் 1823ஆம் ஆண்டு முதற்பாடத்தையே தேடி எடுத்துப் படம் வரைந்தார்.

அடிகளை நீக்கியபோது எதிர்ப்பு எழுந்தது. சிறியவரைப் பெரியவராக்கியபோது எழவில்லை. பாடலின் சொற்கள் அப்படியே இருந்தமையின் மாற்றம் ஒருவர்க்கும் புலப்படவில்லை. சிறியவர் எனப் பாட்டி படிக்கின்றார். பக்கத்தில் பெரியவர் நிற்கின்றார். குழந்தை படத்தை நம்புகின்றது. சொல்லை அழிக்காமலே சொல்லின் பொருளை மறைக்கப் படத்தால் இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

ஆயினும், பாடல் தோற்றுவிட்டது என்று கொள்ளல் ஆகாது. அச்சமூட்டும் பிரம்பைப் பாடல் கைவிட்டது. பின்வந்த எண்ணற்ற ஓவியருள் மிகப் பலர் அதனை மீண்டும் எடுக்கவில்லை. உருவம் பெருத்தபோதும் கன்னக்குழியும் கண்சிமிட்டலும் எஞ்சின. ஓவியர் கைவிட்டது அளவினை. கைவிட இயலாதது அருளினை. 1848இன் சிறு மரச்செதுக்குப் படங்களுக்கு மீண்டும் திரும்பிப் பார்க்கும் வாசகர்க்கு அவ்வளவும் கிடைத்துவிடுகின்றது. குழந்தையின் முன் தன்னைச் சிறிதாக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவரை அங்கே காணலாம். குழந்தைப் பாடல் யாப்போர் கைக்கொள்ள வேண்டிய உயரமும் அதுவே.