ஐப்பசி மழையும் ராகிக் களியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாடப்புத்தகத்தில் ‘ஒத்தோன்’ என்றொரு பருவம் வரும். இலை உதிரும், வீட்டுக்கு வீடு சூப் கொதிக்கும். எங்கள் ஊரிலோ அந்த மாதங்களில் புயலும் மழையும்தான். ஐப்பசி, கார்த்திகைக்குத் தமிழில் கூதிர் என்று தனிப்பெயரே உண்டென்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதன் குளிரை அனுபவித்தது மசினகுடிக்கு வந்த பின்.

இங்கே கூதிருக்கு ஏற்ற சாப்பாடு ராகிக் களி. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு உருட்ட வேண்டும். கன்னடம் பேசுவோர் முத்தே என்பார்கள். ஊறவைத்த மொச்சையில் குழம்பு. மெல்லக் கூடாது, தோய்த்து விழுங்க வேண்டும். வயிற்றில் கணப்பு மூட்டியது போல இருக்கும்.

குழம்பில் உருளைக்கிழங்கும் சேரும். அது இந்த மலைக்குப் புதுசு. ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவில் கைதியாக இருந்த பார்மான்டியே அதைத் தின்று பழகி, பிரான்சில் பரப்பினார் என்று பள்ளியில் படித்தோம். பாரீஸ் மருத்துவர்கள் அதைத் தின்னலாம் என்று ஒப்புக்கொண்டதே 1772-ல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார்.

ராகியும் வந்த விருந்தாளிதான். அதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். ஆனால் வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. படகர், இருளர், குறும்பர் எல்லோரும் ராகியும் சாமையும் விதைத்தவர்கள். பிறகு யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்க முடியாமல் பலர் விதைப்பை விட்டார்கள். ரேஷன் அரிசி கைக்கெட்டியதும் இன்னொரு காரணம்.

அதில் என் பங்கும் உண்டு. வழங்கல் பிரிவில் எழுத்தராக இருந்தபோது, ஓர் ஐப்பசி மழையில் நனைந்தபடி ஓர் இருளர் பாட்டி வந்து, “ராகி குடுக்க மாட்டீங்களா சாமி?” என்றார்.

“அரிசி மட்டுந்தான் பாட்டி.”

“அரிசி தின்னா சீக்கிரம் பசிக்குதே.”

சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன். அவர் கேட்டதை ஒரு குறிப்பாகக்கூட மேலே எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

2023-ல், ஐ.நா. சிறுதானிய ஆண்டில், நீலகிரிக்கும் தருமபுரிக்கும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. முதல் முறை பையை வாங்கி வந்தபோது பாட்டியின் நினைவுதான் வந்தது. அன்று இரவு வீட்டில் களி. மனைவி கிண்ட, நான் உருட்டினேன். வெளியே மழை விடவில்லை.