தரவுத்தளக் கடவுச்சொல் பிழை (சர்வர் கண்காணிப்பு மென்பொருள்)

தரவுத்தளக் கடவுச்சொல் பிழை என்பது, சர்வர்களின் இயக்கத்தை இடைவிடாது அளந்து பதியும் கண்காணிப்பு மென்பொருள், அந்த அளவீடுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்குள் நுழைய முயலும்போது, அது தரும் பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ தரவுத்தளம் ஏற்க மறுக்கும் நிலையாகும். இந்நிலையில் கண்காணிக்கப்படும் சர்வர்கள் தொடர்ந்து இயங்கினாலும், அவற்றின் வட்டு நிரம்பினாலோ இணைப்பு அறுந்தாலோ உரியவருக்கு எச்சரிக்கை போய்ச் சேராது.

கடவுச்சொல் இருக்கும் இடங்கள்

லாத்வியாவைச் சேர்ந்த அலெக்ஸி விளாடிஷெவ் 1998இல் எழுதத் தொடங்கி, 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்ட ஸாபிக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதில் அளவீடுகளைத் திரட்டும் பின்னணி நிரலும், அவற்றைத் திரையில் காட்டும் வலை இடைமுகமும் தனித்தனியே தரவுத்தளத்துடன் இணைவதால், இரண்டுக்கும் தனித்தனி அமைவுக் கோப்புகள் உண்டு. ஆகவே ஒரே கடவுச்சொல் தரவுத்தளத்திலும் இவ்விரு கோப்புகளிலுமாக மூன்று இடங்களில் பதிவாகிறது. ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தை மறப்பதே இப்பிழைக்குப் பொதுவான காரணம்.

பிழைச் செய்தியின் பொருள்

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இம்மறுப்பை 1045 என்ற எண்ணுடன் தெரிவிக்கிறது. அச்செய்தியில் பயனர் பெயரும், அவர் எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்பதும், கடவுச்சொல் அனுப்பப்பட்டதா என்பதற்கான ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்ற சொல்லும் இடம்பெறும். ‘நோ’ என்றிருந்தால் கடவுச்சொல் அனுப்பப்படவே இல்லை என்று பொருள்படுவதால், அமைவுக் கோப்பில் அந்த வரி வெறுமையாக உள்ளதா, குறிப்புரை ஆக்கும் ஹாஷ் குறி வரியின் தொடக்கத்தில் நீக்கப்படாமல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ‘யெஸ்’ என்றிருந்தால் அனுப்பிய சொல் பொருந்தவில்லை, அல்லது அந்தப் பெயரும் கணினியும் சேர்ந்த கணக்கு இல்லை என்று கொள்ளலாம்.

பின்னதற்குக் காரணம், மைஎஸ்கியூஎல் பெயரை மட்டுமன்றிப் பெயரையும் வரும் இடத்தையும் சேர்த்தே ஒரு கணக்காகக் கருதுவதாகும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் இணைப்பு கணினிக்குள்ளேயே உள்ள சாக்கெட் வழியாகவும், 127.0.0.1 என்று எழுதினால் பிணைய வழியாகவும் செல்வதால், ஒன்றில் திறக்கும் கதவு மற்றொன்றில் திறக்காமல் போகலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யார் எங்கிருந்து எம்முறையில் நுழையலாம் என்பதற்குத் தனி விதிக்கோப்பு உண்டு. அது மேலிருந்து கீழாகப் படிக்கப்பட்டு, முதலில் பொருந்தும் விதியே செயற்படும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் சரிபார்க்கும் முறை மாறியதால் இணைப்பு முறிவதும் உண்டு. 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பும், 2021இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 14 பதிப்பும் புதிய மறையாக்க முறைகளை இயல்பிருப்பாக்கியதால், அவற்றை அறியாத பழைய இணைப்பு நூலகங்கள் அங்கே தடுமாறுகின்றன.

மறுதொடக்கத்தில் வெளிப்படுதல்

தரவுத்தளத்தில் கடவுச்சொல்லை மாற்றினாலும், முன்பே திறந்திருக்கும் இணைப்புகள் அறுவதில்லை. எனவே பின்னணி நிரல் பழைய இணைப்பிலேயே பல நாட்கள் ஓடி, அடுத்த மறுதொடக்கத்தில்தான் மறுக்கப்படுகிறது. புயலால் மின்தடை நேரக்கூடிய, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இதற்குத் தனிக் கவனம் தேவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. அத்தகைய மின்தடைக்குப் பின் எல்லாச் சர்வர்களும் ஒருசேர எழும்போது, மறந்துபோன கடவுச்சொல் மாற்றம், கண்காணிப்பு மிகவும் வேண்டிய வேளையில் பிழையாக எழும்.

தீர்க்கும் முறை

முதலில் கண்காணிப்பு நிரலின் பதிவுக் கோப்பைப் படித்து, நிரல் ஓடும் அதே கணினியிலிருந்து, அதே பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு கையால் நுழைந்து பார்க்க வேண்டும். கையால் நுழைய முடிந்தால் குறை அமைவுக் கோப்பிலும், முடியாவிட்டால் தரவுத்தளக் கணக்கிலும் இருக்க வாய்ப்பு மிகுதி. கணக்கைத் திருத்தியபின் இரு கோப்புகளையும் மாற்றிப் பின்னணி நிரலை உடனே மறுதொடக்கம் செய்து சோதிக்க வேண்டும். அவசரத்தில் தலைமைப் பயனரான ‘ரூட்’ கணக்கை அமைவுக் கோப்பில் எழுதுவது பிழையை மறைத்து, தரவுத்தளம் முழுவதையும் திறந்துவிடுவதால், அது தீர்வாகாது. கடவுச்சொல்லை மாற்றும் பணி, மறுதொடக்கம் செய்து இணைப்பை உறுதிசெய்த பின்னரே முடிந்ததாகும்.