கசப்புக் கிழங்கும் குடல்வாழ் உயிர்களும்

ஊமை ஹுவாங்லியனைத் தின்றதுபோல என்றொரு பழமொழி சீனத்தில் உண்டு. கசப்பை உணர்பவனுக்கு அதை எடுத்துச் சொல்ல வழியில்லை. ஹுவாங்லியன் என்பது கணுக்கணுவாக வளரும் மஞ்சள் நிறக் கிழங்கு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், ஹான் பேரரசுக் காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஷென்னோங் மூலிகை நூல் அதைக் கழிச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்தாகக் குறிக்கிறது. அதிலுள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருள் நம் சித்த மருத்துவம் அறிந்த மரமஞ்சளிலும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பெர்பெரின், வயிற்றுப்போக்குக்கான எளிய மாத்திரையாகச் சீன மருந்துக்கடைகளை அடைந்தது. அதற்கான விளக்கமும் எளிது: அது குடலிலுள்ள கிருமிகளை ஒடுக்குகிறது. விழுங்கிய மருந்தில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் கலந்தது. குடல் நோய்க்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

2004இல் சீன மருத்துவ அறிவியல் கழகத்தின் ஜியாங் ஜியாந்தோங் குழுவினர் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரத்தக் கொழுப்பு மிகுந்த 32 பேர் மூன்று மாதம் பெர்பெரின் உட்கொண்டதில், கொலஸ்ட்ரால் 29 விழுக்காடு குறைந்திருந்தது. ஸ்டாட்டின் மருந்துகள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுப்பவை. பெர்பெரினின் வழி வேறு. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், இரத்தத்திலிருந்து கொழுப்புத் துகள்களைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் உண்டு. அவற்றை உருவாக்கும் செய்தி ஆர்என்ஏ விரைவில் சிதையாமல் அது காக்கிறது. அதனால் ஏற்பிகள் பெருகுகின்றன. இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. இரத்தத்தை அரிதாகவே எட்டும் பொருள் கல்லீரலை எவ்வாறு மாற்றுகிறது? 2015இல் அதே குழுவினர் ஒரு விடையை முன்வைத்தனர். குடல்வாழ் பாக்டீரியாக்களின் நொதிகள் பெர்பெரினை டைஹைட்ரோபெர்பெரினாக மாற்றுகின்றன. எளிதில் உறிஞ்சப்படும் அவ்வடிவம் குடற்சுவரைக் கடக்கையில் மீண்டும் பெர்பெரினாகி இரத்தத்தில் சேர்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து விலங்குகளின் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தபோது மருந்தின் பயனும் குறைந்தது. எவற்றை ஒடுக்கும் மருந்தென்று கொடுத்தார்களோ, அவற்றின் இனமே அம்மருந்தை உடலுக்குள் சேர்ப்பித்து வந்திருக்கிறது.

இதைக் கொண்டு முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது எளிது. ஆனால் ஷென்னோங் நூலைத் தொகுத்தவர்கள் கொலஸ்ட்ராலை அறிந்தவர்களல்லர். அவர்கள் கண்டது கழிச்சல் நிற்பதை மட்டுமே. இரத்தத்தில் தங்காத பொருளுக்கு உள்ளுறுப்புகளில் வேலையில்லை என்று ஒதுக்கியிருந்தால் ஆய்வுக்கூடமும் பிழைத்திருக்கும். பழைய நூல் ஒரு கிழங்கை மறவாமல் காத்துத் தந்தது. அதனிடம் புதிய கேள்வி கேட்கச் செல் ஏற்பி பற்றிய அறிவு வேண்டியிருந்தது. விடையின் ஒரு பகுதியோ, இருவரும் கணக்கில் கொள்ளாத உயிர்களிடம் இருந்தது. மரபு மருத்துவத்தைப் போற்றுவோரும் இகழ்வோரும் தீர்ப்புச் சொல்லும்முன் இந்த வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.