புகாருக்கு முன் சிகிச்சை: பாலியல் வன்கொடுமையும் மருத்துவமனையின் கடமையும்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறாரோ அவ்வளவு பலன். உடலில் எஞ்சிய தடயத்தை 96 மணி நேரம் வரை சேகரிக்கலாம் என்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள். இவற்றில் எதுவும் காவல் நிலையத்தில் கிடைப்பதில்லை. இருந்தும், காயத்தோடு வந்து நிற்பவரிடம் நம் ஊரில் உறவினர் முதல் ஊழியர் வரை பலரும் முதலில் கேட்பது, "கம்ப்ளெயின்ட் கொடுத்தாச்சா?" என்பதுதான்.

இந்த வரிசை தலைகீழானது. சட்டமும் இப்படிச் சொல்லவில்லை.

டெல்லியில் 2012இல் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் 2013இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி என்ற பிரிவு சேர்ந்தது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் பாதிக்கப்பட்டவருக்கு உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவிலும் அந்தக் கடமை அப்படியே தொடர்கிறது. சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

ஆனால் அதே பிரிவு, மருத்துவமனை உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிக்கலின் முடிச்சு இங்கேதான். வழக்கு வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்று வருகிற பெண், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் வாசலோடு திரும்பிவிடலாம். 2014 நெறிமுறைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. அந்தப் பெண் போலீஸ் வேண்டாம் என்றால், மருத்துவர் அனுப்பும் தகவலிலேயே அவருடைய மறுப்பைத் தெளிவாக எழுத வேண்டும். சிகிச்சை எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. உடல் பரிசோதனைக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். தடயம் எடுக்க வேண்டாம், மருந்து கொடுங்கள் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இந்த வழியும் இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளைக் காக்க எழுந்த விதி அது. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது அதன் தேவையை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு அஞ்சிச் சிறுமியை மருத்துவமனைக்கே கொண்டுவராத குடும்பத்தை அந்த விதியால் எட்ட முடியாது.

பெயர் வெளியே போய்விடும் என்ற அச்சத்தை வீண் பயம் என்று ஒதுக்கவும் முடியாது. 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் வெளியிட்டார், வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அது அச்சேறியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் அதே தொகையை இடைக்கால இழப்பீடாகத் தரச் சொன்னது. பொள்ளாச்சிக் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த நீதி பெரிது. ஆனால் 2019இல் அந்தப் பெயர் வெளியானதைப் பார்த்து வாய்மூடிக்கொண்ட பெண்களுக்கு அது எந்த வகையில் உதவும்?

மருத்துவமனைக்குள்ளும் பழைய அவமானங்கள் இருந்தன. பாதிக்கப்பட்டவர் உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்க்கும் இரு விரல் சோதனை கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாயும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு ஏப்ரலில் தடைசெய்யச் சொல்லியிருந்தது. தீர்ப்பு மட்டும் மருத்துவரின் கையைத் தடுத்துவிடாது. பயிற்சியும் கண்காணிப்பும் வேண்டும்.

இது முடியாத காரியமல்ல. மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் செஹாட் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய 'தில்லாசா' மையம், ஆற்றுப்படுத்தலை மருத்துவமனையின் அன்றாட வேலையாகவே ஆக்கியது. தமிழ்நாட்டில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் சிகிச்சை, தங்குமிடம், சட்ட உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் தர வேண்டியவை. மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால் போதாது. மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு மாவட்டத் தலைநகர் வெகு தொலைவு. வட்டார மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க மத்திய அரசு 2005இலேயே அனுமதித்தும் தமிழ்நாட்டுக் கடைகள் பெரும்பாலானவற்றில் அது கிடைப்பதில்லை. அரசு முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர்தான் என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு. அப்படி ஒருவர் உங்களை நம்பி வாய் திறந்தால் அவரை விசாரிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குளித்திருந்தாலும், உடை மாற்றியிருந்தாலும், நாள் கடந்திருந்தாலும் சிகிச்சை உண்டு. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. வயதுவந்த பெண் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பதை, உடல் தேறிய பிறகு அவரே முடிவு செய்யட்டும்.