ஓர் எஞ்சினின் பிறப்புச் சாட்சிப் பத்திரம்

நமது வகுப்பறைகளிலே, நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவினால், மாணவர் ஒரே குரலில் ஜேம்ஸ் வாட் என்பர். நாமும் மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே, 1712இல், நியூகொமன் அமைத்த நீராவி எஞ்சின் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. பலர் உழைத்து உருவாக்கிய பொருளுக்கு ஒருவரைத் தந்தையாக்குவது நெடுநாள் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எவரை மறைக்கிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, செல்வர்தம் பெருமையின் சின்னமாக இன்று விளங்கும் போர்ஷே ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் பிறப்பைப் பற்றி மூன்று கதைகள் வழங்கிவருகின்றன. பேர்டினண்ட் போர்ஷே என்ற மேதையின் மூளையில் அது தனித்து உதித்தது என்பது முதற்கதை. செக்கோஸ்லோவாக்கியாவின் தாத்ரா நிறுவனத்திலிருந்து முற்றாகத் திருடப்பட்டது என்பது இரண்டாவது. புகழ்பெற்ற 911 காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின், பழைய வொக்ஸ்வாகன் எஞ்சினோடு இரண்டு சிலிண்டர்களை ஒட்டியதேயன்றி வேறில்லை என்பது மூன்றாவது.

முதற்கதையை ஆராய்வோம். போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதலாவது காருக்கு, 356 என்ற இலக்கமுடைய அக்காருக்கு, 1948 யூன் மாதத்தில் ஒஸ்திரியாவின் க்முண்ட் என்னும் சிற்றூரில் வீதி அனுமதி கிடைத்தது. அதன் வரைபட வேலை 1947 யூலையில் தொடங்கிவிட்டது. மூத்த போர்ஷேயோ 1945 டிசெம்பர் முதல் 1947 ஓகஸ்ட் வரை பிரெஞ்சுக்காரரின் காவலில் இருந்தார். வேலையை நடத்தியவர்கள் அவருடைய மகன் பெரி, தலைமை வடிவமைப்பாளர் கார்ல் ராபே, காரின் உடலை அமைத்த ஏர்வின் கொமெண்டா முதலியோர். எஞ்சினோ வொக்ஸ்வாகன் காரினுடையது. அதனை வரைந்தவர் போர்ஷே அலுவலகத்திற் சம்பளத்திற்கு வேலைசெய்த பிரான்ஸ் ரைம்ஸ்பீஸ் என்ற பொறியியலாளர். அவருக்கு முன்னர், 1933 அளவில், அதே அலுவலகத்தில் என்.எஸ்.யு. நிறுவனத்துக்காக இத்தகைய எஞ்சினொன்றை வரைந்தவர் யோசெப் காலெஸ். காரின் மீது பொறிக்கப்பட்டது இவர்களுடைய பெயரன்று.

இரண்டாவது கதையில் ஓரளவு உண்மை உண்டு. ஹான்ஸ் லெட்விங்கா என்னும் பொறியியலாளர் 1923இல் தாத்ரா 11 என்ற காரில், எதிரெதிராகக் கிடக்கும் இரண்டு சிலிண்டர்களைக் கொண்டதும் காற்றினாற் குளிர்விக்கப்படுவதுமான எஞ்சினை அமைத்தார். 1926இல் தாத்ரா 30இல் அது நான்கு சிலிண்டர்களாயிற்று. ஆயினும், பிஸ்டன்களை எதிரெதிராக அமைக்கும் முறைக்குக் கார்ல் பென்ஸ் 1896இலேயே உரிமை பெற்றுவிட்டார். எனவே அத்தத்துவம் எந்த ஒருவருக்கும் தனிச்சொத்தன்று. லெட்விங்காவின் பெயர் மறைக்கப்பட்டது அநீதியே. எனினும், ஒரு மேதையைப் பீடத்திலிருந்து இறக்கி இன்னொரு மேதையை ஏற்றுவதனால் வரலாறு திருந்திவிடாது.

மூன்றாவது கதை தொழில்நுட்ப ரீதியிலே தவறானது. வொக்ஸ்வாகன் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டு ஒன்றே. அது எஞ்சினின் அடிப்பகுதியில் உள்ளது. 1963இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் வெளிவந்த காரின் எஞ்சினிலோ, இருபுறத்துச் சிலிண்டர்களுக்கும் மேலே தனித்தனித் தண்டுகள் உள. அவற்றைச் சங்கிலிகள் சுழற்றுகின்றன. ஹான்ஸ் மெஸ்கர் முதலிய இளம் பொறியியலாளர் புதிதாக அமைத்த எஞ்சின் அது. பழைய எஞ்சினிலிருந்து அது பெற்றவை மூன்று: கிடையான அமைப்பு, காற்றுக் குளிர்ச்சி, காரின் பின்புறத்து இருக்கை.

ஆனால் இக்கதைகள் மூன்றுமே வாய்திறவாத ஒரு பகுதி உண்டு. அதற்கு எஞ்சினே சாட்சியாகும். வொக்ஸ்வாகன் எஞ்சினின் முதற் கொள்ளளவு 985 கன சென்ரிமீற்றர். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 64 மில்லிமீற்றர். முதலாவது போர்ஷே காரின் எஞ்சினோ 1131 கன சென்ரிமீற்றர். ஓட்டம் அதே 64. விட்டம் மட்டும் 75 ஆகியிருந்தது. இவ்விட்டத்தை அதிகரித்தது ஸ்போர்ட்ஸ் கார்க் கனவன்று, போரேயாகும். ஹிட்லரின் படைகளுக்கான வாகனங்களுக்கு அதிக வலு தேவைப்பட்டது. ஆதலால் 1943 முதல் குபெல்வாகன் என்ற படைக்காருக்கும் 1131 அளவு எஞ்சினே பொருத்தப்பட்டது. 25 பரிவலுவுள்ள அதனையே க்முண்டில் 35 ஆக உயர்த்தினர்.

அந்த எஞ்சின் உருவான தொழிற்சாலையின் வரலாறு யாது? 1933இல் நாஜிகள் தொழிற்சங்கங்களை ஒழித்துப் பறித்துக்கொண்ட சொத்துக்கள் அதன் மூலதனத்திற் கலந்திருந்தன. வாரந்தோறும் 5 மார்க் கட்டினால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கார் கிடைக்கும் என்று 1938இல் ஆசைகாட்டப்பட்டது. ஏறத்தாழ 336,000 பேர் பணம் கட்டினர். அவர்களுள் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்கீழ்க் கார் கிடைக்கவில்லை. போருக்குப் பின் வழக்காடி, 1961இல் அவர்கள் பெற்றது புதுக்காரின் விலையில் 600 மார்க் கழிவு, அல்லது ரொக்கமாக 100 மார்க். போர்க்காலத்தில் அங்கே ஏறத்தாழ 20,000 பேர் கட்டாய உழைப்பாளராக வருத்தப்பட்டனர். போலந்து, சோவியத் நாடுகளிலிருந்து கொணரப்பட்ட பெண்கள் ஈன்ற குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டு, ரூயன் என்னுமிடத்திலிருந்த விடுதியில் முந்நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். அத்தொழிற்சாலையின் நிருவாகத்தில் மூத்த போர்ஷேயும் மருமகன் அன்ரன் பியேகும் இருந்தனர் என்பது மனங்கொளத்தக்கது.

இன்னொருவரையும் குறிப்பிடல் வேண்டும். 1931இல் ஸ்ருட்கார்ட்டில் போர்ஷே அலுவலகம் தொடங்கியபோது பத்திலொரு பங்குக்கு உரியவராகவும், பணவிடயங்களைக் கவனித்தவராகவும் இருந்தவர் அடொல்ப் ரோசன்பேர்கர் என்னும் யூதர். 1935இல் அவருடைய பங்கு 3,000 மார்க்குக்கு வாங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் கைதாகிக் கிஸ்லவ் முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். 1950இல் 50,000 மார்க்கும் ஒரு காரும் கொடுத்து அவருடைய வழக்கு முடிக்கப்பட்டது.

இரும்புக்கு அரசியல் உண்டோ என்று சிலர் கேட்கலாம். இரும்புக்கு இல்லைதான். ஆனால் இரும்பை உருக்கியவனுக்கும், அதற்குப் பணங்கட்டி ஏமாந்தவனுக்கும், அதனால் இலாபமடைந்தவனுக்கும் உண்டு. அவ்வெஞ்சினை ஆக்கியோரின் திறமையை நாம் மறுக்கவில்லை. அது பல பொறியியலாளரின் பல்லாண்டு உழைப்பின் விளைவு. அத்திறமையை ஒரு குடும்பத்தின் பெயருள் அடக்கி, உழைத்தோரையும் மாண்டோரையும் ஏட்டிலிருந்து நீக்கிவிடும் வரலாற்றையே மறுக்கின்றோம்.

எனவே, கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. எவருடைய பணத்தில், எவருடைய கைகளால், எந்தத் தேவைக்காக என்ற மூன்று வினாக்களையும் அதனோடு சேர்த்துக் கேட்க நம் மாணவரைப் பழக்குவோமாக. ஒரு வினாவுக்கு ஒரு பெயர் போதும் என்ற வழக்கம் முதலில் நமது வகுப்பறைகளிலிருந்தே நீங்குதல் வேண்டும்.